யானைக்குச் சாட்சி

“நாலு பனை உயரத்துல ஒரு யானையைத் தொங்கவிட்டு, பொழுது அடையுற வரைக்கும் தாலாட்டுப் பாடி, அதைத் தூங்கவும் வச்சவன் நான். அது விட்ட குறட்டையில துறைமுகத்துல கட்டிக்கிடந்த தோணி அம்புட்டும் ஆடுச்சு” என்றார் ஆறுமுகநயினார்.

பக்கத்தில் கறுப்புக் குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஞானதுரை காதைக் குடைந்துகொண்டே, “யானைக்குத் தலை எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“கடலைப் பாத்து.”

“போன வாரம் ஊரைப் பாத்துன்னீரு.”

“காத்துல திரும்பியிருக்கும் வே. தொங்குத யானை உம்ம பேச்சைக் கேட்டு ஒரே பக்கமா நிக்குமா?”

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில், உப்புக் காற்று தின்றது போக மிச்சமிருந்த ஒரு சிமெண்டு பெஞ்சில், இந்த விசாரணை வருஷக்கணக்காக நடந்துவந்தது. உச்ச நீதிமன்றத்தில் தேங்கிக் கிடக்கும் வழக்குகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாலும் இதன் நீளத்துக்கு வராது.

நயினார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு கூடை கதைகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரு பெண் கப்பல் தட்டில் நின்று அழுதாள். ஓய்வுக்குப் பிறகு ஊரில் அவரோடு பேசுகிற வாய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் காலையில் பால் ஊற்றும் இயந்திரமும் சாயங்காலம் ஞானதுரையும் மிஞ்சினார்கள். இயந்திரம் ‘நன்றி’ என்று சொல்லும். ஞானதுரை ‘பொய்’ என்று சொல்வார். இரண்டில் ஞானதுரையே மேல். அவருக்குப் பதில் சொல்லலாம்.

ஞானதுரை இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, மூழ்கிய தோணி என்று எது அழிந்தாலும் அங்கே போய் நின்று, இது நிஜமாகவே அழிந்ததா என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினார். மனைவி இறந்த அன்றுகூட டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் அழுதார் என்று தெருவில் சொல்வார்கள். அவர் தொழிலில் அவருக்கென்று ஒரு கேள்வி இருந்தது. யார் என்ன கதை சொன்னாலும், கண்ணை மூடிக்கொண்டு, “சரி, நான் அந்த இடத்துல நின்னா என் கண்ணுக்கு என்ன தெரியும்?” என்று கேட்பார். நயினாரின் யானையைப் பற்றியும் அப்படித்தான் கேட்டார். வயிற்றில் எத்தனை பட்டை கட்டினார்கள், பட்டை என்ன நிறம், துதிக்கை தொங்கியதா சுருண்டிருந்ததா, நான் கீழே நின்றால் அதன் பாதம் தெரியுமா வயிறு தெரியுமா. நயினார் சளைக்காமல் பதில் சொல்வார். பட்டை மஞ்சள். துதிக்கை முதலில் தொங்கியது, பாட்டின் இரண்டாவது அடியில் சுருண்டது. கீழே நின்றால் நான்கு பாதமும் தெரியும், பின்னங்காலில் ஒரு நகம் உடைந்திருந்தது.

“அந்தமானுக்கு மரம் இழுக்கப் போன யானை வே அது. பேரு ராசாத்தி.”

“பொய்” என்பார் ஞானதுரை, முழுவதையும் கேட்டு முடித்த பிறகு.

இந்த வழக்கு இப்படியே இருவரில் ஒருவர் ஆயுள் முடியும்வரை ஓடியிருக்கும். பினாங்கிலிருந்து தொலைபேசி வந்துதான் அதைக் கலைத்தது.

பேசியவள் அக்கா மகள் கோமதி. நயினாருக்கு உலகத்தில் ஒரே ஒரு கூடப்பிறப்பு, செண்பகவல்லி. பினாங்கில் வாக்கப்பட்டு அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவள்.

“மாமா, அம்மா நேத்து உங்க குரலைக் கேட்டு, யார் பேசறதுன்னு கேட்டாங்க.”

“விளையாடியிருப்பா.”

“இல்ல மாமா. ஞாபகம் போய்க்கிட்டே இருக்கு. குரல் முதல்ல போயிடுமாம், முகம்தான் கடைசி வரைக்கும் நிக்குமாம், டாக்டர் சொல்றாரு. திரையில காட்டினா டிவியில யாரோ வர்றாங்கன்னு நெனைக்கறாங்க. நீங்க நேர்ல வந்து நின்னா இன்னும் தெரியும். ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க. அவங்களை அங்க கூட்டிட்டு வர முடியாது.”

நயினார் பிறந்ததிலிருந்து அவரை அறிந்த உயிர் அது ஒன்றுதான். அவர் குழந்தையாக இருந்தார், பம்பரம் விட்டார், அப்பாவிடம் அடி வாங்கினார் என்பதெல்லாம் இனி அந்த ஒரு தலைக்குள் மட்டுமே இருந்தது. அந்தத் தலையும் கடையைக் கட்டிக்கொண்டிருந்தது.

“உடனே வாரேன்னு சொல்லு” என்றார். நாற்பது வருஷம் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றிய மனிதர், ஒரு தடவைகூட இந்தக் கரையைத் தாண்டியதில்லை.

அவர் செய்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். அவருடைய ரெக்சின் பைக்குள் இல்லாத காகிதம் இந்திய நாட்டில் அச்சாகவே இல்லை. பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, ரேஷன் அட்டை, ஓய்வூதிய உத்தரவு, அம்மை குத்திய அட்டை, என்றோ ஒரு கேரம் போட்டியில் கிடைத்த ஆறுதல் பரிசுச் சான்றிதழ். எல்லாவற்றையும் லாமினேட் செய்திருந்தார். பையைத் தட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் வந்தது.

வெளிநாடு போகிறவர்களுக்குச் சான்று கொடுக்கும் அறிமுக மையத்தில் வரிசையின் வால் முத்தையாபுரம் வரை நீண்டிருந்தது. நம்ப முடியவில்லையென்றால் பழைய துறைமுகம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைத்துத் தர முடியாது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் பெயர் இசக்கிராணி. பையைத் திறந்து பார்த்து, ஒரு சின்னச் சிரிப்போடு மூடி, அவர் பக்கமே தள்ளினாள்.

“ஐயா, இதெல்லாம் ஆறுமுகநயினார்னு ஒருத்தர் இருக்காருன்னு சொல்லுது. அது நீங்கதான்னு யாரு சொல்றது?”

“நானே சொல்லுதேனே தாயி.”

“எல்லாரும் அவங்கவங்களைப் பத்தி அப்படித்தான் சொல்றாங்க.” அவள் கோபமில்லாமல்தான் பேசினாள். “இப்பக் காகிதம், கைரேகை, கண்ணு, குரல்னு எதைக் கேட்டாலும் அச்சு அசலா செஞ்சு குடுத்திருதானுவ. போன வருஷம் ஒரே ஆளு ஒரு கிரிக்கெட் டீமாவே வந்தான். அதனால வெளிநாட்டுக்காரங்க ஒண்ணே ஒண்ணைத்தான் ஏத்துக்கிடுதாங்க. உங்களை நெனப்பு வச்சிருக்கிற ஒரு ஆளு.”

“ஆளா?”

“ஒரே ஒரு ஆளு போதும். ஆனா சொந்தக்காரங்க ஆகாது. நீங்களும் அவரும் சேர்ந்து பார்த்த ஏதாவது ஒரு சம்பவம். ரெண்டு பேரு தலையிலயும் ஒரு தொப்பி மாட்டி, அதை நெனைக்கச் சொல்லுவோம். உங்க தலைக்குள்ள தெரியிறதும் அவர் தலைக்குள்ள தெரியிறதும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். பொருந்திட்டா அறிமுகச் சான்று. அது கையில இருந்தாத்தான் முதல் பயணம்.”

“முன்கூட்டியே பேசி வச்சு மனப்பாடம் பண்ணிட்டு வந்தா?”

“கேக்காத ஆளே இல்ல” என்றாள் இசக்கிராணி. “மனப்பாடம் பண்ணினது மூளையில ஒரு இடத்துல எரியும். கண்ணால பார்த்தது வேற இடத்துல எரியும். மெஷினுக்கு ரெண்டும் தெரியும்.”

நயினார் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். தொப்பி போட்டுக்கொண்டு ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரிடமும் ஒரு ஆள் இருந்தது. ஊரே இதற்கென்று மாறிப்போனதை அவர் அதுவரை கவனிக்கவில்லை. கல்யாண வீடுகளில் வேண்டுமென்றே பாயசத்தைத் தடுக்கிக் கொட்டுகிறவர்கள், புதிதாகக் குடிவந்த கையோடு எதிர்வீட்டுக்காரரிடம் தண்ணீர்க் குழாய்ச் சண்டை போடுகிறவர்கள், எல்லோரும் பின்னாளில் யாராவது தங்களை ஞாபகம் வைத்திருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். நயினார் யாரிடமும் சண்டை போட்டதில்லை. பாயசத்தைக் கொட்டுமளவுக்கு யாரும் அவரைப் பந்திக்குக் கூப்பிட்டதும் இல்லை.

“ஆளே இல்லாதவங்க என்ன செய்வாங்க தாயி?”

இசக்கிராணி திரையைப் பார்த்துக்கொண்டே, “இங்கேயே இருப்பாங்க” என்றாள்.

சாட்சி என்றதும் ஞானதுரையின் நினைப்பு நயினாருக்கு வரவே இல்லை. யானையையே ஒத்துக்கொள்ளாத மனிதர். அவர் தேடிப் போனது வெயிலுமுத்துவை. கிரேனுக்குக் கீழே நின்று சரக்குக்குச் சங்கிலி மாட்டியவர். ஏரலில் மகள் வீட்டில் இருந்தார். பழைய கூட்டாளியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் வேட்டியை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

“எதை நெனைப்போம்?” என்று கேட்டார் வெயிலுமுத்து, தொப்பிக்குள் காதை மடக்கித் திணித்துக்கொண்டே.

“கரண்டு போன நாளு.”

“அதுதான் சரி. அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.”

இருவரும் கண்ணை மூடினார்கள். நயினார் அந்த மத்தியானத்துக்குள் போனார். கிரேனின் கண்ணாடிக் கூண்டு. அனல். கீழே அந்தரத்தில் ராசாத்தி. அவர் பாட ஆரம்பித்ததும் அவள் ஒரு கண்ணை மெதுவாக மூடினாள்.

சற்று நேரத்தில் இசக்கிராணி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையை அணைத்து மறுபடி போட்டாள். “ரெண்டு பேரும் ஒரே நாளைத்தான் நெனைக்கிறீங்களா?”

“ஆமா” என்றார்கள் இருவரும்.

“அவர் தலையில தார்ப்பாய் போர்த்தி உருளையா ஒண்ணு தொங்குது. உங்க தலையில தொங்குறது…” அவள் இன்னொரு முறை பார்த்தாள். “அது காதை ஆட்டுதே ஐயா.”

வெயிலுமுத்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அது பாய்லரு நயினாரு. சர்க்கரை ஆலைக்குப் போன பாய்லரு. நாந்தானே சங்கிலி மாட்டினேன்?”

நயினார் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

“சரக்கு தொங்கும்போது கிரேன்காரன் எறங்கக் கூடாதுன்னு சட்டம். கரண்டு வரட்டும்னு நாங்க சாப்பிடப் போனோம். சாப்பிட்டுட்டு, ஷிப்டும் முடிஞ்சிட்டுன்னு அப்படியே வீட்டுக்குப் போயிட்டோம். மேல ஒருத்தன் இருக்கானேன்னு எங்க யாருக்கும் தோணலே.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “இருட்டினப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஓடி வந்தேன். நீரு பாடிக்கிட்டு இருந்தீரு. தனியா.”

நயினார் கண்ணை மூடி அந்தப் பாய்லரைத் தேடினார். அது இருந்திருக்க வேண்டும். வெயிலுமுத்து பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் எந்த மூலையில் தேடியும் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல், வயிறு காய்ந்து, ஒரு இரும்பு உருளையோடு ஒரு மனிதன் இருட்டும்வரை தொங்கிக்கிடந்ததற்கு அவர் தலையில் ஒரு தடயமும் இல்லை. அங்கே ஒரு யானைதான் இருந்தது. அது நன்றாகத் தூங்கியது.

“என்னால ஆச்சுன்னா செஞ்சிருப்பேன் நயினாரு” என்றார் வெயிலுமுத்து.

“உம்மால என்ன வே. யானை உம்ம கண்ணுக்குத் தெரியலேன்னா அதுக்கு நீரு என்ன செய்வீரு?” என்று சிரித்து, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஏரல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார் நயினார். பஸ் போன பிறகு அந்தச் சிரிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அன்று சாயங்காலம் பெஞ்சில் யானை வரவில்லை. ஞானதுரை காத்திருந்து பார்த்துவிட்டு, “என்ன ஓய், ராசாத்திக்குக் காய்ச்சலா?” என்றார்.

நயினார் நடந்ததைச் சொன்னார். செண்பகவல்லி குரலை மறந்தது, தொப்பி, பாய்லர், எல்லாம். அவர் வாழ்க்கையில் கூட்டிக் குறைக்காமல் சொன்ன கதை அது ஒன்றுதான்.

ஞானதுரை அதற்கு ‘பொய்’ என்று சொல்லவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என்னை ஏன் கூப்பிடலே?” என்று கேட்டார்.

“நான் பொறந்ததையே ஒத்துக்கிடாத ஆளு நீரு.”

“பொறந்தது சரிதான். சர்டிபிகேட்டு பாத்திருக்கேன். மேல பிளாஸ்டிக் வேற ஒட்டி வச்சிருக்கீரு.” ஞானதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். “நாளைக்கு வாரேன். இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கோமே, அதை நெனைச்சாப் போதாதா? இதுல பொய்யும் இல்லே.”

“வருவீரா?”

“வாரேன்னு சொன்னேன்லா.” பிறகு, வேறு யாரையோ கேட்பது போல, “அங்க போயி அப்படியே இருந்திருவீரா?” என்றார்.

“அவளுக்கு முகம் தெரியுற வரைக்கும் இருக்கணும்னு ஒரு ஆசை.”

“சரிதான்” என்றார் ஞானதுரை. அலைகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. வேறு வேலை இல்லாதவை இந்த ஊரில் அவை மட்டும்தானா என்று நயினாருக்குத் தோன்றியது.

மறுநாள் பெஞ்சும் தோற்றது.

“ஒண்ணுமே தெளிவா இல்லையே” என்றாள் இசக்கிராணி. “கடல் தெரியுது, பெஞ்சு தெரியுது. ஆனா இவர் ஒரு சாயங்காலத்தை நெனைக்கிறாரு, அவர் வேற ஒரு சாயங்காலத்தை நெனைக்கிறாரு. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அப்பிக் கிடக்கு.”

“தினமும்தானே தாயி உக்காந்திருக்கோம்.”

“அதுதான் ஐயா கஷ்டம். ஒரு நாள் நடந்தாத்தான் தலையில நிக்கும். தினமும் நடந்தா தேஞ்சிரும். தனியா இருக்கிற பெரியவங்க நெறையப் பேரு இதுலதான் மாட்டிக்கிடுதாங்க. வருஷக்கணக்கா ஒண்ணா இருந்திருப்பாங்க, சொல்லுறதுக்கு ஒரு நாள் இருக்காது.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்கயாவது சேர்ந்து போயிருக்கீங்களா? திருச்செந்தூரு? ஏதாவது விசேஷ வீடு? ஒரு விபத்து?”

இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். எங்கேயும் போகவில்லை. அந்தப் பெஞ்சிலிருந்து டீக்கடை வரை போயிருக்கிறார்கள். டீ நன்றாகத்தான் இருந்தது.

இசக்கிராணி எழுந்து, மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தொப்பிகளை அணைக்க மறந்துவிட்டாள். எதிரில் பெயர் தெரியாத ஒரு ஜோடி எதையோ நினைத்துச் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நயினாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயம் வந்தால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்.

“அன்னைக்கு வெயிலு இருக்கே ஞானதுரை, கிரேன் கம்பியில முட்டை ஊத்தினா ஆம்லெட்டு. ராசாத்தி முதல்ல ஒரு பெருமூச்சு விட்டா…”

“இப்ப இது தேவையா ஓய்?”

“அவ வயித்துப் பட்டை இருக்கே…”

“மஞ்சள்” என்றார் ஞானதுரை, எரிச்சலோடு. “மூணு பட்டை. நடுப்பட்டை கொஞ்சம் நழுவியிருந்துச்சு. துதிக்கை ரெண்டாவது அடியில சுருண்டுச்சு. நூறு தடவை சொல்லியாச்சு. நழுவின பட்டையில யானை எப்படிச் சாயாம நின்னுச்சு? அதுக்குப் பதில் சொல்லும்.”

“சாஞ்சுதான் இருந்தா. இடப்பக்கமா.”

ஞானதுரை வழக்கம்போலக் கண்ணை மூடினார். “நான் கீழ நின்னா, அப்ப இடது காது எனக்கு மறைஞ்சிருக்கணும்.”

“மறைஞ்சுதான் இருந்துச்சு.”

இயந்திரத்திலிருந்து கோயில் மணிபோல ஒரு சத்தம் வந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். இசக்கிராணி உள்ளேயிருந்து ஓடிவந்து திரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கிழவர்களையும் பார்த்தாள்.

“என்ன நெனைச்சீங்க?”

“சும்மா பேசிக்கிட்டிருந்தோம்” என்றார் நயினார், குற்றவாளி மாதிரி.

“ஐயா, இருபது வருஷம் குடும்பம் நடத்தினவங்களுக்குக்கூட இப்படிப் பொருந்தி நான் பார்த்ததில்லை. ஜாதகத்துலகூட இந்தப் பொருத்தம் கிடையாது.” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மேல ஒரு யானை. கீழ ஒரு ஆளு, குடை பிடிச்சிருக்காரு. உங்க தலையில யானை கிட்டத்துல இருக்கு, ஆளு தூரத்துல தெரியுதாரு. இவர் தலையில குடைக்கடியில நின்னு மேல பாக்குற மாதிரி இருக்கு. ரெண்டு இடத்துல நின்னு ஒரே சம்பவத்தைப் பாத்திருக்கீங்க. மனப்பாடம் எரியிற இடத்துல ஒரு பொறிகூட இல்ல. ரெண்டு பேரும் பார்த்திருக்கீங்க.”

“நான் பாக்கலேம்மா” என்றார் ஞானதுரை.

“இனி ஒண்ணுதான் பாக்கி. சாட்சி வாயால ‘நடந்தது’ன்னு சொல்லணும். தலை ஒண்ணும் வாய் ஒண்ணும் சொன்னா செல்லாது.”

“அது நடக்கலே.” ஞானதுரையின் குரலில் ஒரு பழைய அதிகாரம் திரும்ப வந்தது. “யானையே கிடையாது. அது பாய்லரு. அந்த வருஷம் நான் திருநெல்வேலியில இருந்தேன். இவர் யாரு, எவர்னே எனக்குத் தெரியாது. சர்வீஸ்ல ஒரு பொய்க் கிளெய்முக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லே. என் சொந்த மச்சான் லாரிக்கே போடலே. அவன் இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேச மாட்டான்.”

இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“உங்க வாய் சொல்றதை உங்க தலை ஏத்துக்கிட மாட்டேங்குது ஐயா” என்றாள் இசக்கிராணி. “இவர் சொல்லச் சொல்ல, நீங்க மனசுக்குள்ள திரும்பத் திரும்பப் பார்த்திருக்கீங்க போல. அத்தனை தடவை பார்த்தா பார்த்ததாவே ஆயிரும்போல. எனக்கு யானை முக்கியமில்ல. இவரை ஒரு ஆளுக்குத் தெரியுமான்னுதான் எனக்குக் கேள்வி.”

ஞானதுரை நயினார் பக்கம் திரும்பினார். “குடையோட கீழ நிக்குதது யாரு ஓய்? அந்த ஆளைப் பத்தி நீரு ஒரு நாளும் சொன்னதில்லையே.”

நயினாருக்கும் அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் யாரிடமும் அந்த ஆளைப் பற்றிச் சொன்னதில்லை. ஆனால் கண்ணை மூடினால் அவர் இருந்தார். துறைமுகத் தளத்தில், வெயிலில், கறுப்புக் குடையோடு, மேலே பார்த்துக்கொண்டு. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. போகாமல் நின்றார்.

“நீருதான் வே” என்றார் நயினார். “நான் கீழ நின்னா என்ன தெரியும்னு ஒரு நாள் கேட்டீருல்லா. அன்னையில இருந்து நீரு கீழதான் நிக்கீரு.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். எரிந்த கடைகளின் முன்னால் நின்று ஊரெல்லாம் பொய் சொன்னபோது அசையாதிருந்த முகம் அது. இப்போது அது எதையோ கணக்குப் போட்டது. நயினார் அவசரப்படுத்தவில்லை. ஞானதுரை முடியாது என்றால் பெஞ்சு இருக்கிறது, கடல் இருக்கிறது, நாளை சாயங்காலமும் இருக்கிறது. சரி என்றால் அந்தப் பெஞ்சில் ஒருவர்தான். அந்த ஒருவர் யார் என்பது இருவருக்கும் தெரியும்.

“அவ முகத்தை மறக்கிறதுக்கு இன்னும் எத்தனை நாள் ஆகும்னு சொல்லுதாக?” என்று கேட்டார் ஞானதுரை.

“அதை யாரு வே சொல்ல முடியும்.”

ஞானதுரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொப்பியைச் சரி செய்தார். பிறகு கண்ணை மூடினார். இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் உதடு ஒரு தடவை அசைந்து நின்றது. அவருக்குள் எங்கேயோ மேலே பார்க்கிறார் என்பது தாடை லேசாக உயர்ந்ததில் தெரிந்தது.

“சொல்லுங்க ஐயா” என்றாள் இசக்கிராணி, மெதுவாக. “நடந்துச்சா?”

“நடந்ததும்மா” என்றார் ஞானதுரை. “நான் கீழதான் நின்னேன். இவரு எறங்குற வரைக்கும் நின்னேன்.”